கேமரா பாடியில் சிராய்ப்பு: எதைத் துடைப்பது, எதைப் பூசுவது, எதை விட்டுவிடுவது

ஒரு முகூர்த்த சீசன் முழுக்க உழைத்த கேமராவை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். அடிப்பக்கத்தில் ட்ரைபாட் பிளேட் அழுத்திய தடம் இருக்கும். ஸ்ட்ராப் வளையத்துக்குக் கீழே வளைவாக ஒரு வெள்ளைக் கோடு, வ்யூஃபைண்டர் மேட்டில் மண்டபத் தூண் உரசிய சுண்ணாம்பு, கிரிப்பில் மஞ்சள் கறை என்று இன்னும் நான்கைந்து தென்படும். பார்த்தவுடன் எல்லாமே கீறலாகத்தான் தோன்றும். உண்மையில் இவற்றில் பெரும்பாலானவை கீறலே இல்லை. வேறெங்கிருந்தோ வந்து பாடியின்மேல் ஒட்டிக்கொண்டவை. மீதிதான் பெயின்ட் போன இடங்கள்.

ஒட்டியதை எடுக்க வேண்டும். போனதை விட்டுவிடலாம், அல்லது மூடலாம். இதைப் பிரித்துப் பார்க்காமல் எல்லாவற்றையும் ஒரே மாதிரி தேய்ப்பதால்தான் துடைத்தால் போயிருக்கும் தடம் நிரந்தரப் பளபளப்பாக மாறிவிடுகிறது. இந்த வழிகாட்டியில் மற்ற எதை மறந்தாலும் இதை மட்டும் மறக்காதீர்கள்: என்ன தடம் என்று தெரியும்வரை தேய்க்கக் கூடாது.

அழகுக்கு முன்னால் ஆரோக்கியம்

சிராய்ப்பு எப்படி வந்தது என்று தெரிந்தால் நல்லது. உரசி வந்ததா, விழுந்து வந்ததா? மூலையில் தடம் இருந்தால் விழுந்திருக்கவே வாய்ப்பு அதிகம். அப்படியானால் பெயின்ட்டைப் பற்றி யோசிப்பதை ஒத்திவைத்துவிட்டு இவற்றைப் பாருங்கள்: பேட்டரி மூடியும் கார்டு மூடியும் இடைவெளியில்லாமல் மூடுகின்றனவா, மேலே ஃபிளாஷ் மாட்டும் ஹாட் ஷூ ஆடுகிறதா, லென்ஸ் மாட்டினால் அது பொருந்தும் வளையமான மவுன்ட்டில் லொடலொடப்பு இருக்கிறதா, மேல்மூடிக்கும் பாடிக்கும் நடுவே இணைப்புக்கோடு எங்காவது பிளந்திருக்கிறதா. பிறகு ஒரு செங்கல் சுவரை நேர் எதிரே நின்று, லென்ஸின் அபர்ச்சர் துளையை முழுதாகத் திறந்து வைத்துப் படம் எடுங்கள். இடதோரம் தெளிவாகவும் வலதோரம் மங்கலாகவும் வந்தால், வேறொரு லென்ஸ் மாட்டி அதே படத்தை எடுங்கள். அதிலும் அதே பக்கம் மங்கினால் மவுன்ட்டோ சென்சாரோ கோணியிருக்கலாம். அது சர்வீஸ் சென்டர் வேலை. அந்த நிலையில் மேலே பெயின்ட் பூசுவது, பழுது பார்ப்பவருக்கு அடிபட்ட இடத்தை மறைப்பதாகத்தான் முடியும்.

வாரன்டி இருக்கும் பாடியில் திருகைக் கழற்றாதீர்கள். இங்கே சொல்லப்போகும் எந்த வேலைக்கும் ஸ்க்ரூடிரைவர் தேவையில்லை.

ஒட்டியதா, போனதா?

மூன்று சோதனைகள் போதும்.

முதலில் நகம். விரல் நகத்தைத் தடத்தின் குறுக்கே மெதுவாக இழுங்கள். நகம் பள்ளத்தில் இறங்கினால் பொருள் போயிருக்கிறது. மேட்டில் ஏறினால் ஏதோ ஒட்டியிருக்கிறது. இரண்டும் இல்லாமல் வழுக்கிச் சென்றால் மேல்தோல் மட்டும் சிராய்ந்திருக்கலாம், அல்லது மெல்லிய படலமாக ஏதாவது படிந்திருக்கலாம்.

அடுத்தது ஈரம். சற்றே நனைத்த காட்டன் பட்ஸால் தடத்தைத் தொடுங்கள். ஈரமாக இருக்கும்போது மறைந்து, காய்ந்ததும் திரும்பி வந்தால் அது மேலோட்டமான சிராய்ப்பு. பெயின்ட் அங்கேயேதான் இருக்கிறது, அதன் முகப்பு மட்டும் சொரசொரத்து வெளிச்சத்தைச் சிதறடிக்கிறது. ஈரத்திலும் அப்படியே தெரிந்தால் ஒட்டிய பொருள், அல்லது பெயின்ட் முழுதாகப் போன இடம்.

மூன்றாவது, நிறம். கைபேசியின் மேக்ரோ வசதியில் பெரிதாக்கிப் பாருங்கள். கறுப்பு பாடியில் வெள்ளித் தடம் கண்டால் பலரும் பெயின்ட் போய் உலோகம் தெரிகிறது என்று பதறுவார்கள். ஆனால் பாடியின் கறுப்புப் பூச்சு பெரும்பாலும் பொடிப்பொடியாகச் சொரசொரப்பாக இருக்கும். பெல்ட் பக்கிள், அலுமினியப் பிளேட், ஸ்ட்ராப் வளையம் எது உரசினாலும் அந்த மேடுகள் அரம்போல அவற்றைச் சுரண்டிப் பிடித்துக்கொள்ளும். அதாவது அந்த வெள்ளி, பக்கிளுடையது. மேடுகளின் உச்சியில் மட்டும் வெள்ளி இருந்து பள்ளங்கள் கறுப்பாகவே இருந்தால் பெரும்பாலும் இந்தக் கதைதான். இது நல்ல செய்தி, எடுத்துவிடலாம்.

உங்கள் பாடி எதனால் ஆனது?

தொடக்க நிலை கேமராக்கள், கேனான் ஈஓஎஸ் 1500டி, நிகான் டி3500 போன்றவை, வெளியே பிளாஸ்டிக். நிறம் பெரும்பாலும் பிளாஸ்டிக்கிலேயே கலந்திருப்பதால் கீறினாலும் உள்ளே வேறு நிறம் பளிச்சென்று தெரியாது. இவற்றுக்கு எதிரி கீறல் அல்ல, கரைப்பான்கள்.

நிகான் டி850 போன்றவை மெக்னீசியம் கலவை. மேலே பெயின்ட் இருக்கும்வரை கவலையில்லை. பெயின்ட் போய் உலோகம் வெளியே தெரிந்தால், உப்புக்காற்றில் அது அரிக்கும். வெள்ளைப் பொடியாகப் பூக்கும். மெரினாவிலும் இராமேஸ்வரத்திலும் தொடர்ந்து படம் எடுப்பவருக்கு இந்த வகை பாடியில் பெயின்ட் போன இடத்தை மூடுவது அழகு வேலை மட்டுமல்ல, பாதுகாப்பும்கூட. மெக்னீசியத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது. அதன் நுண்தூள் எளிதில் தீப்பிடிக்கும்.

ஃபுஜிஃபில்ம் எக்ஸ்100வி-யின் மேல், கீழ்த் தகடுகள் அலுமினியம். அனோடைஸ் செய்த அலுமினியத்தில் நிறம் உலோகத்தின் மேற்படலத்துக்குள்ளேயே ஊறியிருக்கிறது. கீறினால் பெயின்ட் பூசிப் பொருத்துவது கடினம், பூசியது தனியாகத் தெரியும். காரம் மிகுந்த சோப்புத்தூள், சோடா எதுவும் அதன்மேல் படக்கூடாது.

பழைய ஃபிலிம் கேமராக்களும் லைக்கா எம் வரிசையின் பல மாடல்களும் பித்தளைத் தகடு கொண்டவை. கறுப்பு தேய்ந்து ஓரங்களில் பித்தளை தெரிவதைப் பலர் விரும்புகிறார்கள். லைக்கா நிறுவனமே 2015-இல் பாடகர் லென்னி கிராவிட்ஸுடன் சேர்ந்து வெளியிட்ட எம்-பி ‘கரஸ்பான்டென்ட்’ பதிப்பில் கறுப்பு பெயின்ட்டை வேண்டுமென்றே தேய்த்துப் பித்தளையைக் காட்டித்தான் விற்றது. மொத்தம் 125 செட்டுகள். பித்தளை கருக்குமே தவிர மெக்னீசியம்போலப் பொடியாக உதிராது. ஆகவே பித்தளை தெரிந்தால் கை வைக்காதீர்கள் என்பதே என் கருத்து. 1976-இல் வந்த கேனான் ஏஇ-1-இன் வெள்ளி நிற மேல்மூடி, பார்க்க உலோகம், உண்மையில் உலோகப் பூச்சு பூசிய பிளாஸ்டிக். பழைய கேமரா என்றால் எல்லாமே பித்தளை என்று நினைத்து மெட்டல் பாலிஷ் போட்டுவிட வேண்டாம்.

மேசையில் இருக்க வேண்டியவை

ஊதும் ரப்பர் பந்து, மென்மையான பிரஷ், இரண்டு மைக்ரோஃபைபர் துணி, காட்டன் பட்ஸ், மரப் பல்குச்சி, பென்சில் எழுத்தை அழிக்கும் வெள்ளை பிளாஸ்டிக் ரப்பர், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். இந்த ஆல்கஹால் எலக்ட்ரானிக்ஸ் உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும். சென்னையில் ரிச்சி ஸ்ட்ரீட்டில் கேட்டால் தருவார்கள். மருந்துக்கடை சர்ஜிக்கல் ஸ்பிரிட் வாங்கினால் லேபிளைப் படியுங்கள், வேறு எண்ணெயோ மணமோ சேர்த்தது வேண்டாம். பசைக் கறைக்கு மட்டும் சிகரெட் லைட்டரில் ஊற்றும் ஃப்ளூயிட் கொஞ்சம். இரண்டும் தீப்பற்றும். விளக்கேற்றிய இடத்துக்கு அருகே வேண்டாம், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

வரக்கூடாதவற்றின் பட்டியல் இதைவிட முக்கியம். நகப்பூச்சு ரிமூவரில் பெரும்பாலும் இருக்கும் அசிட்டோன் பிளாஸ்டிக்கையே கரைக்கும். தின்னர், பெட்ரோல் இரண்டும் வேண்டாம். டூத்பேஸ்ட்டில் அரைக்கும் துகள் உண்டு. கடைகளில் ‘மேஜிக்’ என்று விற்கும் வெள்ளை மெலமைன் ஸ்பான்ஜ், தண்ணீர் தொட்டால் மென்மையாகத் தோன்றினாலும் வேலை செய்வது மிக நுண்ணிய உப்புத்தாளாகத்தான்.

துகளைப் பற்றி ஏன் இத்தனை கவலை? மேட் ஃபினிஷ் என்பது ஒரு நிறமல்ல, ஒரு மேற்பரப்பு. கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்கள் வெளிச்சத்தை எல்லாப் பக்கமும் சிதறவிடுவதால்தான் அது மங்கலான கறுப்பாகத் தெரிகிறது. தேய்த்தால் மேடுகள் தட்டையாகும், தட்டையான இடம் பளபளக்கும். அந்தப் பளபளப்பை மறுபடியும் மங்கலாக்க வீட்டில் வழி கிடையாது. வருடக்கணக்கில் கட்டைவிரல் பட்டு மின்னும் பின்பக்கமும், ஷட்டர் பட்டனும் இதே காரணத்தால்தான் மின்னுகின்றன. அவற்றை அப்படியே விட்டுவிடுங்கள்.

ஒட்டியதை எடுப்பது

பேட்டரியைக் கழற்றுங்கள். லென்ஸையோ மூடியையோ மாட்டி மவுன்ட்டை மூடிவிடுங்கள். கார்டு மூடி, கேபிள் துளைகளின் ரப்பர் மூடி எல்லாம் அழுத்தி மூடியிருக்கட்டும். கேமராவைத் தலைகீழாகப் பிடித்து ஊதுங்கள், பிறகு பிரஷால் தட்டிவிடுங்கள். மணலோ விபூதியோ இருக்கும்போது துணியால் துடைத்தால் துணியே உப்புத்தாள் ஆகிவிடும். தூசி போன பிறகுதான் துணி.

அடுத்து, தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த மைக்ரோஃபைபர் துணி. சுண்ணாம்பு, டிஸ்டெம்பர், வியர்வை உப்பு, சந்தனம் பெரும்பாலும் இதிலேயே போய்விடும். திரவத்தை எப்போதும் துணியில் விடுங்கள், பாடியில் நேராக விடாதீர்கள். வெதர் சீலிங் (ஈரமும் தூசியும் புகாத தடுப்பு) உள்ள பாடியாக இருந்தாலும் இதே விதிதான்.

போகாவிட்டால் வெள்ளை ரப்பர். வெள்ளித் தடத்துக்கும், ஷூ அடிப்பாகம் போன்றவை உரசிய கறுப்புத் தடத்துக்கும் இதைவிட நல்லது எதுவும் இல்லை. ரப்பரை மெல்லிய துண்டாக வெட்டி, கூரான முனையால் ஒரே திசையில், எழுத்தை அழிக்கும் அழுத்தத்தில் பாதி அழுத்தத்தோடு நான்கைந்து முறை இழுங்கள். உதிரும் துணுக்கைப் பிரஷால் தள்ளிவிட்டுப் பாருங்கள். கொஞ்சம் குறைந்திருந்தால் தொடருங்கள். கொஞ்சமும் குறையாவிட்டால் நிறுத்துங்கள், ஒன்று அது கீறல், இல்லை வேறு மருந்து வேண்டும்.

கடைசியாக ஆல்கஹால். முதலில் அடித்தகட்டின் மூலையில் தொட்டுப் பாருங்கள். பட்ஸில் கறுப்பு ஒட்டிக்கொண்டு வந்தால் அந்தப் பெயின்ட்டுக்கு ஆல்கஹால் ஆகாது, அத்தோடு விட்டுவிட வேண்டும். வரவில்லை என்றால் தடத்தின்மேல் மட்டும் ஈர பட்ஸை உருட்டுங்கள், உடனே உலர்ந்த துணியால் ஒற்றியெடுங்கள். அச்சிட்ட எழுத்துகள், டயலின் எண்கள், பின்திரை இவற்றின் பக்கம் ஆல்கஹாலைக் கொண்டுபோகாதீர்கள். செதுக்கி நிறம் நிரப்பிய எழுத்துகூடத் தாங்கும், மேலே அச்சிட்டது அழிந்துவிடும்.

மஞ்சள் கறையைத் தனியாகச் சொல்ல வேண்டும், நம் ஊர்க் கல்யாணங்களில் இது தப்பாது. மஞ்சளின் நிறம் தரும் குர்குமின் தண்ணீரில் கரையாது, அதனால் ஈரத்துணி அதைப் பரப்பத்தான் செய்யும். சோப்பு போட்டால் சிவக்கும். ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்து சிவப்பதும் இதே வேதியியல்தான். ஆல்கஹாலில் குர்குமின் நன்றாகக் கரையும். ஆகவே காய்ந்த மஞ்சளைப் பிரஷால் தட்டிவிட்டு, ஈரமே படாமல், நேராக ஆல்கஹால் பட்ஸுக்குப் போங்கள். ஒவ்வொரு தொடுதலுக்கும் பட்ஸின் புதுப் பக்கம். வெள்ளி நிற பாடியிலும் கிரிப் ரப்பரிலும் லேசான மஞ்சள் சாயல் தங்கினால் கவலை வேண்டாம், குர்குமின் வெளிச்சத்தில் வெளிறும். சில நாட்கள் ஜன்னலோர வெளிச்சத்தில் வைத்தால் மறைந்துவிடும். நேர் வெயில் வேண்டாம். குறிப்பாக மிரர்லெஸ் கேமராவின் வ்யூஃபைண்டர் கண்ணாடி சூரியனைப் பார்க்கக் கூடாது, உள்ளிருக்கும் சிறு திரை கருகிவிடும்.

ஸ்டிக்கர் பசை என்றால் ஒரு துண்டு டேப்பின் ஒட்டும் பக்கத்தால் தொட்டுத் தொட்டு எடுத்துப் பாருங்கள், பாதி வந்துவிடும். மீதிக்கு லைட்டர் ஃப்ளூயிட் ஒரு துளி, பட்ஸில். நீலகிரித் தைலமும் பசையைக் கரைக்கும், ஆனால் சில பிளாஸ்டிக்குகளை மென்மையாக்கிவிடுவதால் கேமராவுக்கு நான் பரிந்துரைப்பதில்லை.

எடுக்கவே முடியாத ஒன்று உண்டு. டீட் (DEET) என்ற வேதிப்பொருள் கலந்த கொசு விரட்டி பட்டுப் பிசுபிசுத்த பிளாஸ்டிக். அது கறை இல்லை, பிளாஸ்டிக்கே உருகியது. முதுமலைக்கோ முண்டந்துறைக்கோ போகிறவர்கள் கொசு விரட்டி தடவிய கையைக் கழுவிவிட்டுக் கேமராவைத் தொடுங்கள்.

மேலோட்டமான சிராய்ப்பு

ஈரத்தில் மறைந்து காய்ந்ததும் திரும்பும் சிராய்ப்புக்கு, தேங்காய் எண்ணெய் தடவச் சொல்பவர்கள் உண்டு. தடவினால் மறையும், பிறகு தூசியைப் பிடித்து அந்த இடமே அழுக்காகும். ஒன்றும் செய்யாமல் விடுவதே சரி. ஓரடி தள்ளி நின்றால் யாருக்கும் தெரியாது.

பெயின்ட் போன இடத்தை மூடுவது

பூசுவதற்கு முன் ஒரு கேள்வி: இந்த பாடியை விற்கப்போகிறீர்களா? ஆம் என்றால் பூச வேண்டாம். பழைய கேமரா வாங்குபவர்களுக்குத் தேய்மானம் பழகியது, பூசிய பெயின்ட் சந்தேகத்தைக் கிளப்பும். ‘எங்கே விழுந்ததை மறைக்கிறார்’ என்றுதான் யோசிப்பார்கள். விற்பனைக்குச் சுத்தம் மட்டும் செய்யுங்கள், சிராய்ப்பைக் கிட்டத்தில் படம் எடுத்து விளம்பரத்திலேயே போடுங்கள்.

நீங்களே வைத்துக்கொள்ளப்போகிறீர்கள், மெக்னீசியம் வெளியே தெரிகிறது, அல்லது அந்த வெள்ளைப் புள்ளி கண்ணை உறுத்துகிறது என்றால் பூசலாம். மாடல் பொம்மைகளுக்கு அடிக்கும் மேட் கறுப்பு அக்ரிலிக் பெயின்ட்தான் என் தேர்வு. தண்ணீரில் இளகும், பிளாஸ்டிக்கைத் தாக்காது, பிடிக்காவிட்டால் காய்வதற்குள் துடைத்துவிடலாம். உலோகத்தில் எனாமல் இன்னும் உறுதியாக நிற்கும். கறுப்பு நகப்பூச்சு மலிவாகக் கிடைக்கிறதே என்று அதை எடுக்காதீர்கள், அதன் கரைப்பான் பிளாஸ்டிக்கை இளக்கும், காய்ந்தபின் மினுங்கவும் செய்யும். பர்மனென்ட் மார்க்கர் ஊசிமுனைப் புள்ளிக்குப் போதும், நாளானால் ஊதா சாயல் காட்டும். ஆனால் ஆல்கஹாலில் அழிந்துவிடும் என்பதால் தயங்குபவர்கள் அதில் தொடங்கலாம்.

1. பூசவேண்டிய இடத்தை ஆல்கஹாலால் துடைத்து முழுதாகக் காயவிடுங்கள். விரல் எண்ணெய் இருந்தால் பெயின்ட் ஒட்டாது. மெக்னீசியத்தில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் பல்குச்சியால் சுரண்டி எடுத்துவிட்டுத் துடையுங்கள்.

2. சுற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். செலோடேப் வேண்டாம், பசை தங்கும். பலவீனமான பழைய பெயின்ட்டின்மேல் எந்த டேப்பும் வேண்டாம்.

3. நிறத்தை அடித்தகட்டில் ஒரு புள்ளி வைத்துக் காயவிட்டுப் பாருங்கள். கறுப்பில் பழுப்புச் சாயல், நீலச் சாயல் எல்லாம் உண்டு. பகல் வெளிச்சத்தில்தான் இது தெரியும், டியூப்லைட் ஏமாற்றும்.

4. பிரஷ் வேண்டாம், பல்குச்சி முனை போதும். கீறலின் நடுவில் புள்ளி வைத்து ஓரம்வரை தானாகப் பரவவிடுங்கள். நல்ல பெயின்ட்டின்மேல் ஏறக்கூடாது, ஏறினால் ஈர பட்ஸால் உடனே எடுங்கள்.

5. மெல்லிய பூச்சாக இரண்டோ மூன்றோ. ஒவ்வொன்றும் காய்ந்தபிறகே அடுத்தது. மழைக்காலத்திலும் கடலோர ஈரக்காற்றிலும் காய நேரம் பிடிக்கும். கடைசிப் பூச்சுக்குப் பிறகு ஒரு முழு நாள் பைக்குள் வைக்காதீர்கள். எனாமல் என்றால் இன்னும் கூடுதலாக.

செதுக்கிய எழுத்தின் வெள்ளை போயிருந்தால் இதே அக்ரிலிக்கில் வெள்ளையைப் பள்ளத்தில் நிரப்பி, விசிட்டிங் கார்டு விளிம்பால் மேலே வழித்துவிட்டு, ஈரத்துணியை விரலில் இறுக்கிச் சுற்றி ஒரு இழுப்பு. எழுத்துக்குள் மட்டும் வெள்ளை நிற்கும்.

கை வைக்கக்கூடாத இடங்கள்

ஹாட் ஷூவில் பெயின்ட் தேய்ந்து உலோகம் தெரிவது இயல்பு. அதன் பக்கவாட்டுத் தண்டவாளம்தான் ஃபிளாஷுக்கு எர்த். அங்கே பெயின்ட் பூசினால் ஃபிளாஷ் விட்டுவிட்டு வேலை செய்யும். லென்ஸ் மவுன்ட்டின் வளையக் கீறல்கள் லென்ஸ் மாற்றுவதால் வருபவை. உலோகத்தூள் தெரிந்தால் கேமராவைக் கவிழ்த்து வைத்துத் துடைக்க மட்டும் செய்யுங்கள், பாலிஷ் கூடாது. பின்திரைக் கீறலுக்கு டூத்பேஸ்ட் போட்டால் பிரதிபலிப்பைத் தடுக்கும் பூச்சு திட்டுத்திட்டாக உரிந்து, கீறலைவிட மோசமாகத் தெரியும். ஒரு டெம்பர்டு கிளாஸ் ஒட்டினால் சிறு கீறல்கள் பெருமளவு மறையும்.

கிரிப் ரப்பர்

ரப்பர் வெளுத்துப் பூத்தால் பழைய டூத்பிரஷை வெதுவெதுப்பான நீரில் தொட்டு உதறிவிட்டுத் தேயுங்கள். ரப்பருக்குள் இருக்கும் சேர்மானம் மேலே வருவதால் சில மாடல்களில் மறுபடியும் பூக்கும், மறுபடியும் துடைக்க வேண்டியதுதான். நிகான் எஃப்100 போன்ற பழைய ஃபிலிம் பாடிகளின் பின்மூடி பிசுபிசுப்பது வேறு நோய். மேலிருக்கும் ரப்பர்ப் பூச்சே சிதைகிறது. ஆல்கஹாலால் பொறுமையாகத் துடைத்து அந்தப் பூச்சை முழுதாக எடுத்துவிட்டால் அடியில் வழவழப்பான பிளாஸ்டிக் வந்துவிடும், நன்றாகவே இருக்கும்.

ஓரம் கிளம்பிய ரப்பருக்கு மெல்லிய இருபக்க டேப்தான் சரி. ஃபெவிக்விக் வகைப் பசை வேண்டவே வேண்டாம். அதன் ஆவி பக்கத்துப் பிளாஸ்டிக்கிலும் கண்ணாடியிலும் வெள்ளைப் படலமாகப் படியும், அடுத்த முறை ரப்பரை எடுக்கும்போது பெயின்ட்டோடு உரியும். ரப்பரே விரிந்து பெரிதாகிவிட்டது என்றால் ஒட்டிப் பயனில்லை, சர்வீஸ் சென்டரில் அந்த மாடலுக்கான புது ரப்பரைக் கேளுங்கள்.

இனி வராமல் இருக்க

ஸ்ட்ராப்பின் முக்கோண வளையத்துக்கு அடியில் தோல் அல்லது பிளாஸ்டிக் தடுப்பு போடுங்கள். பாடியின் பக்கவாட்டுச் சிராய்ப்பில் கணிசமான பங்கு அந்த வளையத்தால்தான் வருகிறது. இரண்டு பாடி மாட்டுபவர்கள் ஒன்றை உயரமாகவும் மற்றதைத் தாழ்வாகவும் தொங்கவிட்டால் ஒன்றோடொன்று இடிக்காது. ட்ரைபாட் பிளேட்டின் ரப்பர் அட்டையில் மணல் ஒட்டியிருக்கிறதா என்று மாட்டும் முன் விரலால் தடவிப் பாருங்கள். கடற்கரையிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் பிழிந்த துணியால் ஒரு துடைப்பு. சிலிக்கான் உறை போடுபவர்கள் வாரம் ஒருமுறை கழற்றி, உறையையும் பாடியையும் தனித்தனியே காற்றாட வையுங்கள். உறைக்குள் சிக்கும் ஈரமும் மணலும், உறையே இல்லாத பாடிக்கு வருவதைவிட அதிகச் சிராய்ப்பைத் தந்துவிடும்.